கொனாடு எடுத்த குடும்பப் படம்

குமாசியில் சுவாமே வண்டி நிலையத்துக்குப் போய்க் கொனாடு என்று கேட்டால், எந்தக் கொனாடு என்று திருப்பிக் கேட்பார்கள். அம்பெசி விற்கிற கொனாடு என்றால் போதும், அதற்கு மேல் உங்கள் மூக்கே வழி சொல்லிவிடும். வாழைக்காயையும் பெருவள்ளிக் கிழங்கையும் ஆவி பறக்க வேகவைத்து, கொன்டொமிரே கீரையைச் செம்பனை எண்ணெயில் மசித்து ஊற்றி, மேலே கருவாட்டைக் கிள்ளிப் போட்டுத் தருவாள். பசித்து வந்தவனுக்கு ஒரு துண்டு கூடப் போடுவாள். குறை சொல்கிறவனுக்கு ஒரு துண்டு குறைத்துப் போடுவாள். நல்லவளா என்றால் பாதி நல்லவள் என்றுதான் சொல்ல வேண்டும். முழு நல்லவள் ஒருத்தியை இந்த ஊரில் இன்னும் யாரும் பார்க்கவில்லை.

அவள் புருஷன் பெடியாகோ லாரி மெக்கானிக். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தே பாதி ஆயுளைக் கழித்தவன். மத்தியானம் முழங்கை வரைக்கும் கிரீஸோடு வந்து அவள் கடை பெஞ்சில் உட்காருவான்.

"கையக் கழுவிட்டு வாய்யா. நான் கருவாடு போட்டா நீ கிரீஸ் போட்டுத் திங்கிறியே."

"ரெண்டும் கருப்புதானடி. வயித்துக்குள்ள போனா எது எதுன்னு தெரியவா போகுது?"

தினமும் இதே பேச்சு. தினமும் அவள் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போய் அவன் கையில் ஊற்றுவாள். அப்படியே பிள்ளைகள் வளர்ந்து, தலை நரைத்து, காலம் போயிற்று.

கொனாடுவுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. படம் எடுக்கிற கிறுக்கு. நிலையத்தில் மற்ற பெண்கள் எல்லாம் பித்தானை அமுக்கிப் பேசுகிற கிழங்கு போன் வைத்திருந்த காலத்திலேயே அவள் பெரிய கண்ணாடி போன் வாங்கிவிட்டாள். எண்ணெய்க் கை படாமல் இருக்க அதைப் பாலிதீன் பையில் சுற்றி மாரில் செருகியிருப்பாள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. போனில் இருக்கிற சின்னச் சின்னச் சித்திரங்கள்தான் அவளுக்கு எழுத்து. அம்புக்குறி என்றால் அனுப்புவது. குப்பைத்தொட்டி என்றால் அழிப்பது. பூட்டு என்றால் உனக்கில்லை என்று அர்த்தம். ஆட்களை அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற வட்ட முகத்தை வைத்துக் கண்டுபிடிப்பாள்.

பெடியாகோ குடும்பத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்களா, கல்யாணமா, இழவா, கொனாடுதான் படம் பிடிப்பாள். விறைத்துக்கொண்டு நிற்கிறவர்களை அவளால் பொறுக்க முடியாது.

"ஏ பெரியம்மா, வாய இறுக்கி மூடிக்கிட்டு நின்னா உங்க பல்லுக்கு யாரு சாட்சி சொல்றது? அண்ணே, வயித்த உள்ள இழுங்க. இன்னும். அதுக்கு மேல வராதா? சரி விடுங்க, அது மாமியார் வீட்டுச் சொத்து."

எல்லாரும் வெடித்துச் சிரிப்பார்கள். சிரிப்பு உச்சிக்கு ஏறுகிற நேரம் பார்த்து அமுக்கிவிடுவாள். அந்தக் குடும்பத்தின் பல் எல்லாம் அவள் போனில்தான் இருந்தது. கேட்டவர்களுக்கு எல்லாம் அனுப்பிக் கொடுப்பாள், கேட்காதவர்களுக்கும் அனுப்புவாள்.

எடுக்கிறவள் அவளே என்பதால் எந்தப் படத்திலும் அவள் இல்லை. அவளும் பெடியாகோவும் சேர்ந்து இருக்கிற படம் அந்த போனில் ஒன்றே ஒன்று. வண்டிக்குக் காத்திருந்த யாரோ ஒரு பிரயாணி, "நீங்களும் நில்லும்மா" என்று போனை வாங்கி எடுத்துக் கொடுத்தது. பெடியாகோ வாய் நிறையக் கிழங்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். இவள் பின்னால் நின்று அவன் தோளில் கை வைத்துக்கொண்டு, போனைப் பார்க்காமல் அவனைப் பார்த்துச் சிரிப்பாள். அதை மட்டும் அவள் யாருக்கும் அனுப்பியதில்லை. வியாபாரம் மந்தமான வேளையில் திறந்து பார்ப்பாள். பக்கத்துக் கடைக்காரி, "நேர்ல தினம் பாக்குற மூஞ்சிய எதுக்குடி போன்ல வேற பாக்குற?" என்பாள். "போன்ல இருக்குற ஆளு எதுத்துப் பேசுறதில்ல" என்பாள் கொனாடு.

புருஷனுடைய அக்கா ஒருத்தி இருந்தாள், அப்ரஃபி. கெஜெட்டியா சந்தையில் பழைய துணி வியாபாரம். இங்கே புருஷனின் கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் பெண்டாட்டிக்குப் புருஷன் முறைதான், பெண்ணாக இருந்தாலும் சரி. ஆகவே அப்ரஃபி வரும்போதே, "என்ன எம் பொண்டாட்டி, புருஷனுக்குச் சோறு கெடையாதா?" என்று சத்தம் போட்டுக்கொண்டு வருவாள். "வா புருஷா, உக்காரு. சீலை எடுத்துட்டு வந்தியா, வெறுங்கையோட வந்தியா?" என்பாள் இவள். ஒரே தட்டில் தின்பார்கள். கொனாடு அவளை நம்பினாள். கூடப் பிறந்தவளை நம்புவதுபோல நம்பினாள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் விளங்காது. இங்கே குடும்பம் என்பது தாய் வழி. மருமக்கள் வழிச் சொத்து. ஒருவன் செத்தால் அவன் அக்காள் தங்கை பெற்ற பிள்ளைதான் வாரிசு. பெண்டாட்டி அவள் தாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவள். அவள் பெற்ற பிள்ளைகளும் அங்கேதான். தகப்பன் குடும்பத்தில் அவர்கள் விருந்தாளி. உயிரோடு இருக்கிறவரை இதை யாரும் நினைப்பதில்லை.

ஒரு மழைக்காலத்தில் பெடியாகோ இருமல் என்று படுத்தான். அப்படியே போய்விட்டான்.

உடலை ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் வைத்துவிட்டு, முதல் வாரத் துக்கத்துக்குத் தாஃபோவில் இருக்கிற அவன் தாய்க் குடும்பத்துப் பெரிய வீட்டு முற்றத்தில் கூடினார்கள். கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில். நடுவில் குடும்பத் தலைவர் என்சியா. செத்தவனுக்குத் தாய்மாமன். கைத்தடியைத் தரையில் தட்டிவிட்டு அவர் கேட்டார்:

"பெடியாகோ படம் ஆளுக்கு ஒண்ணு வெச்சிருக்கீங்க. சாவு அன்னைக்குப் பெரிய திரையில ஓட்டணும். அதுக்கப்புறமும் குடும்பத்துல எல்லாரும் பாக்கணும். எதுல போட்டு வைக்கலாம்? சொல்லுங்க."

"வாட்ஸ்அப் குரூப்தான் இருக்கே மாமா" என்றாள் ஒருத்தி.

"அதுல போட்டா மூஞ்சி கஞ்சி மாதிரி கலங்கிப் போகுது" என்றான் ஒருவன். "போன வருசம் சித்தப்பா படத்தப் போட்டேன். ஊரே ஆமென் ஆமென்னு போட்டுத் தள்ளிருச்சு. நடுவுல மூலத்துக்கு மருந்து விளம்பரம் வேற. தேடித் தேடிப் பாத்தேன், சித்தப்பா எங்க போனாருன்னே தெரியல."

"மேல போயிட்டாருடா" என்றார் ஒரு கிழவர். துக்க வீடு சிரித்தது.

"அந்த நகம் அளவுக்கு ஒரு கார்டு இருக்கே, அதுல ஏத்தி வீட்டுக்கு வீடு அனுப்பலாம்."

"போன தடவ அனுப்புன கார்டு ஒபுவாசி போச்சு. கார்டும் திரும்பல, கொண்டுபோனவனும் திரும்பல. அங்க ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டானாம்."

என்சியா கையை உயர்த்தினார். "எல்லாத்தையும் விடுங்க. காகிதத்துல போட்டு ஆல்பமா கட்டுங்க. கட்டிப் புடிச்சு அழணும்னா கையில ஏதாச்சும் இருக்கணும்ல?"

"உங்க வீட்டு ஆல்பத்துல பாதிப் பக்கம் காணோமே மாமா" என்றாள் அப்ரஃபி. "யாருக்கு யாரப் புடிக்கலையோ அவங்கள உரிச்சு எடுத்துர்றாங்க. உங்க மூணாவது பொண்டாட்டிய மொத்தமா உரிச்சது யாருன்னு இன்னும் தெரியல."

என்சியா இருமினார்.

அப்போது எழுந்தான் அம்பொன்சா. அப்ரஃபி மகன், பெடியாகோவுக்கு வாரிசு, போன் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறவன். கழுத்தில் சங்கிலி, பேச்சில் வெண்ணெய். "இன்டர்நெட்ல ஒரு ஆல்பம் தொறக்குறேன். குடும்பத்து ஆளுங்களுக்கு மட்டும் வழி விடுவேன். எங்கிருந்தும் பாக்கலாம். கலங்காது, தொலையாது, எவனும் உரிக்க முடியாது. சாவி மட்டும் யாராச்சும் ஒருத்தர் கையில இருக்கணும், அவ்வளவுதான்."

பெரியவர்களுக்கு அரை மனது. நெட்டுக்கு யார் அழுவது என்று ஒரு பேச்சு, வானத்தில் போய் வைத்தால் மழையில் நனையாதா என்று ஒரு பேச்சு. கூட்டம் மறுபடியும் வாட்ஸ்அப் பக்கம் சாய்ந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் முதல் வாரத்தில் வாய் திறக்கக்கூடாது. கொனாடு திறந்தாள்.

"அம்பொன்சா சொல்றதுதான் சரி. இத்தன வருசமா உங்க எல்லாரையும் எடுத்தவ நான். தெளிவா எடுத்தேன். அதக் கஞ்சியாக்க விட மாட்டேன். எவனும் உரிக்க முடியாதுன்னா அதுலதான் போடணும். எம் புருஷன யாராச்சும் உரிச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"சாவி யார்கிட்ட இருக்குறது?" என்றார் என்சியா.

"வாரிசு அவன்தான? அவன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். மாரிலிருந்து போனை எடுத்துப் பாலிதீனை உரித்து, நடந்து போய் அம்பொன்சா கையில் வைத்தாள். "எல்லாத்தையும் ஏத்திக்க. ஒண்ணக்கூட விடாத."

கூட்டம் கை தட்டியது. அப்ரஃபி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "பாத்தீங்களா, எம் பொண்டாட்டி மாதிரி யாருக்கு வரும்?"

இதை இத்தனை இழுத்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பின்னால் நிலையத்தில் எல்லாரும், பாவம் கொனாடு, ஏமாற்றிவிட்டார்கள் என்றார்கள். அப்படி இல்லை. யாரும் கையை முறுக்கவில்லை. வழியைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான், சாவியைக் கொடுக்கச் சொன்னவளும் அவள்தான். அதை மறைத்தால் அவள் கதையே இல்லை.

போன் திரும்பி வந்தபோது உள்ளே ஒரு படம்கூட இல்லை.

"நெறஞ்சு கெடந்துச்சு அத்த, திணறிக்கிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் மேல ஏத்திட்டுக் காலி பண்ணிட்டேன்" என்றான் அம்பொன்சா. "மேல போயிப் பாத்துக்கலாம்."

அவளும் சரி என்றாள். அன்றைக்கு ஆல்பம் திறந்தது. கிழங்கு வாயோடு பெடியாகோ இருந்தான், தோளில் கையோடு அவளும் இருந்தாள். மனசு குளிர்ந்து போனாள்.

அடக்கம் செய்கிற சனிக்கிழமை வந்தது. முறைப்படி சவப்பெட்டி பிள்ளைகள் பொறுப்பு. கொனாடுவின் மகள் பொக்குவா தக்கோராடியிலிருந்து வந்து, தகப்பனுக்குத் தேக்கில் பெட்டி செய்து போட்டாள். முற்றத்தில் துணித் திரை கட்டி, பாட்டுப் போட்டு, படம் ஓட்டினார்கள். பெடியாகோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பெடியாகோ லாரி மேல் உட்கார்ந்து, பெடியாகோ அக்காளோடு. ஒவ்வொன்றுக்கும் ஜனம் அழுதது. ஒவ்வொன்றும் தான் எடுத்தது என்று கொனாடு பெண்கள் நடுவில் தலை குனிந்தபடியே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அந்தப் படம் வந்தது. திரை நிறையப் பெடியாகோ, வாய் நிறையக் கிழங்கு. பின்னால் வெறும் சுவர். அவள் இல்லை. தோளில் மட்டும் ஒரு கை இருந்தது. மணிக்கட்டோடு நின்றுபோன கை. அடுப்பில் சுட்ட தழும்பு அப்படியே தெரிந்தது. அதை அழித்தால் தோளும் போய்விடும் என்று அம்பொன்சா விட்டுவிட்டான் போலிருக்கிறது.

முன்வரிசையில் இருந்த ஒருத்தி கேட்டாள்: "அது யாரு கை?"

அப்ரஃபி கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எந் தம்பிய மேல கூட்டிட்டுப் போக வந்த தேவதையோட கை."

அழுதுகொண்டிருந்த கூட்டத்தில் சிரிப்புக் குபுக்கென்று கிளம்பியது. அந்தப் படத்தைத்தான் சட்டையிலும் அச்சடித்து வைத்திருந்தார்கள், திரை ஓடி முடிந்ததும் பிரித்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு அந்தக் குடும்பமே கொனாடுவின் கையை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஆடியது. சட்டை அவளுக்கு ஒன்று தரவில்லை, குடும்பத்துக்கு மட்டும்தான் என்றார்கள். அவள் எழுந்து கத்தியிருக்கலாம். பிணம் நடு வீட்டில் இருக்கும்போது பெண்டாட்டி கத்தினால், புருஷனை அவள்தான் கொன்றாள் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடக்கம் எல்லாம் முடிந்து, கடையைத் திறந்து, ஒரு மந்தமான வேளையில் ஆல்பத்தைத் தொட்டாள். பூட்டுச் சித்திரம் வந்தது. போனைத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டாள். பூட்டு.

அடுப்பை அணைத்துவிட்டுக் கெஜெட்டியாவுக்கு வண்டி ஏறினாள். அப்ரஃபி பழைய துணி மூட்டையை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள். அம்பொன்சாவும் அங்கேதான் நின்றிருந்தான்.

"புருஷா, ஆல்பம் எனக்குத் தொறக்க மாட்டேங்குது. என்னன்னு பாரு."

அப்ரஃபி ஒரு சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை பார்த்தாள். "புருஷான்னு கூப்பிடாத. ஆளுங்க இருக்காங்க."

"ஏன், நேத்து வரைக்கும் கூப்பிடல?"

"நேத்து நீ எந் தம்பி பொண்டாட்டி. தம்பி போயிட்டான். இப்ப நீ யாரு பொண்டாட்டி? நீயே சொல்லு."

கொனாடு போனை எடுத்துப் பூட்டுச் சித்திரத்தைக் காட்டினாள்.

"அது குடும்ப ஆல்பம்" என்றாள் அப்ரஃபி. "எங்க பாட்டி வயித்துல இருந்து வந்தவங்களுக்கு. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அம்பொன்சா சொன்னானே, குடும்பத்து ஆளுங்களுக்கு மட்டும்னு. நீயுந்தான கை தட்டுன?"

"அதுல இருக்குறது பூராவும் நான் எடுத்தது."

"குழி வெட்டுனவன் கல்லறைய எனக்குக் குடுன்னு கேப்பானா?"

"எல்லாம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. நானும் அவரும் சேந்து இருக்குறது. வெட்டாதது. அத மட்டும் அனுப்பிரு, இந்தப் பக்கமே வர மாட்டேன்."

அம்பொன்சா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "வெட்டாததா? அத அப்பவே குப்பையில போட்டாச்சே அத்த. ஆல்பத்துல ஒரே படம் ரெண்டு தடவ இருந்தா அசிங்கமா இருக்கும்ல?"

சுற்றி இருந்த கடைக்காரிகள் கை வேலையை நிறுத்திவிட்டார்கள். அவன் அதைப் பார்த்துக் கொஞ்சம் உற்சாகமானான்.

"இல்லாட்டி ஒரு வழி இருக்கு. செத்தவரு பொண்டாட்டிய வாரிசு கட்டிக்கலாம்னு பழைய முறை இருக்குல்ல? மாமா வேட்டி சட்டை எல்லாம் எனக்குத்தான வந்துச்சு? நீங்களும் வாங்க. இன்னைக்கே ஆல்பத்துல சேத்துர்றேன். என்ன, தலைக்குக் கொஞ்சம் மை போட்டுக்கணும்."

சந்தையே சிரித்தது. அப்ரஃபியும் சிரித்தாள். "போடா, அவ சமைக்கிற கீரைக்கு ஆசப்படுறியா?" என்று மகனை ஒரு சட்டையால் அடித்தாள். பிறகு அந்தச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, அடுத்ததை உதறினாள். அதோடு பேச்சு முடிந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே பொக்குவா போனில் கேட்டாள்: "எங்கிட்ட அப்பா படம் தனியா இருக்கு, உன் படம் தனியா இருக்கு. ரெண்டையும் கம்ப்யூட்டர்ல ஒட்டித் தரச் சொல்லவாம்மா? தெரியவே தெரியாது."

"ஒட்டுறதுக்கு அவரு என்ன பஞ்சரான டயரா?" என்று சொல்லிவிட்டுக் கொனாடு போனை வைத்துவிட்டாள். பிடிவாதம். எடுத்தபோது இருந்தது எதுவோ அதுதான் அவளுக்குப் படம். மற்றது எல்லாம் பொம்மை.

அப்போதுதான் பெண் கேட்டு வந்த நாள் படம் நினைவுக்கு வந்தது. பழைய ஸ்டூடியோக்காரன் எடுத்தது. இளவயசில், பெடியாகோ இரவல் கோட்டோடு, இவள் அம்மா சீலையோடு. அது மாம்பொங்கில் அவள் அண்ணன் அடொமாக்கோ வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. விடிந்ததும் கிளம்பிப் போனாள்.

சுவரில் ஆணி இருந்தது. சட்டம் இல்லை.

"கரையான் ஏறிருச்சும்மா" என்றான் அடொமாக்கோ. "ஆனா பயப்படாத, போறதுக்கு முன்னால போன்ல ஏத்தி வெச்சுட்டோம். நாமளும் அந்த இன்டர்நெட் ஆல்பந்தான் வெச்சிருக்கோம், நீயுந்தான் அதுல இருக்க." திறந்து காட்டினான். சிறுபெண் கொனாடு, அம்மா சீலை, பல் தெரிகிற சிரிப்பு. பக்கத்தில் ஒன்றும் இல்லை. கோட்டுக் கை ஓரத்தில் நூல் அளவுக்குத் தெரிந்தது.

"அவரு எங்க?"

"அவரு நம்ம குடும்பம் இல்லையே."

"எம் புருஷன் அண்ணே."

"அதுக்கு? இங்க நாம எந்த மாப்பிள்ளையையும் வைக்கிறதில்ல, எந்த மருமகளையும் வைக்கிறதில்ல. விதி போட்டதே நீதான? நம்ம தம்பி செத்தப்ப டுஃபியே வந்து வாசல்ல நின்னாளே, மறந்துட்டியா? எம் புருஷன் படம் ஒண்ணு குடுங்கன்னு. நான்கூடக் குடுத்துரலாம்னுதான் சொன்னேன். நீதான், நம்ம வயித்துப் பிள்ள நமக்கு, அவளுக்கு வேணும்னா அவ குடும்பத்துல போயித் தேடச் சொல்லுன்னு கதவச் சாத்துன."

கொனாடு மறக்கவில்லை. டுஃபியே கதவுக்கு வெளியே நின்றிருந்தாள், பிறகு செருப்புச் சத்தம் விலகிப் போனது. அன்றைக்கு உள்ளே இருந்த கொனாடு, ஒழிந்தது சனியன் என்று போய்ச் சோறு போட்டுத் தின்றாள். நன்றாகவே தின்றாள்.

அடொமாக்கோ, சாப்பிட்டுவிட்டுப் போ என்றான். அவள் இருக்கவில்லை.

டுஃபியே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாளா என்று கேட்பீர்கள். கேட்கவில்லை. அவள் அப்படிப்பட்டவளும் இல்லை. வண்டி நிலையத்துக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அதற்கப்புறம் யாரையும் படம் எடுக்கவில்லை.

வருஷம் திரும்பியது. புருஷன் செத்து ஓராண்டில் பெண்டாட்டி கறுப்பைக் களைந்து வெள்ளை உடுத்த வேண்டும், அதை அவன் குடும்பத்து முற்றத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும். போகாவிட்டால் ஆயுள் முழுக்க அவள் கறுப்பிலேயே கிடக்க வேண்டியதுதான். போனாள். வெள்ளை உடுத்தினார்கள், செத்தவனுக்கென்று சாராயத்தைத் தரையில் ஊற்றினார்கள், சாப்பாடு நடந்தது. சாயங்காலம் அப்ரஃபி கை தட்டினாள்.

"வாங்க வாங்க, ஆல்பத்துக்கு ஒரு குடும்பப் படம் எடுக்கணும். ஒருத்தர் விடாம வாங்க."

பெடியாகோவின் பெரிய படத்தைச் சட்டத்தோடு நடு நாற்காலியில் வைத்தார்கள். ஒரு பக்கம் என்சியா, ஒரு பக்கம் அப்ரஃபி. கிழவிகள் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். அம்பொன்சா எடுக்கலாம் என்றால் வாரிசு படத்தில் இருக்க வேண்டும். யார் எடுத்தாலும் ஒரு குடும்பத்து ஆள் குறைகிறது.

"இதுக்கா யோசிக்கிறீங்க? நம்ம பொண்டாட்டி எதுக்கு இருக்கா?" என்றாள் அப்ரஃபி. "கொனாடு! இங்க வா. உன்ன மாதிரி யாரும் எடுக்க முடியாது."

தன் போனை நீட்டினாள். கொனாடு வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாள் என்று பொக்குவா பின்னால் சண்டை போட்டாள். பழகிய கை, நீட்டினால் வாங்கிவிடுகிறது.

சூரியன் அவளுக்குப் பின்னால் தாழ இறங்கியிருந்தது. போனைத் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய நிழல் முற்றத்தில் நீளமாகப் படுத்து, நேராகப் போய், நடு நாற்காலியில் ஏறியிருந்தது. அவள் நிழலின் தலை பெடியாகோவின் நெஞ்சில் சாய்ந்திருந்தது. அவன் முகத்தில் வெயில் அடித்தது.

சத்தம் போடாமல் அமுக்கினாள்.

கையைக் குவித்து நிழல் பண்ணித் திரையைப் பார்த்தாள். இருந்தது. ஒட்டவில்லை, வெட்டவில்லை. அவனும் அவளும். அம்புக்குறியைத் தொட்டாள். வட்ட முகங்கள் வரிசையாக வந்தன. பொக்குவா முகத்தைத் தேடினாள். விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். அது அப்ரஃபியின் போன். அதில் பொக்குவா இல்லை. தன் முகத்தைத் தேடினாள். அதையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

"என்னத்தத் துழாவிக்கிட்டு இருக்க?" அப்ரஃபி எழுந்து வந்து போனைப் பிடுங்கினாள். பார்த்தாள். யார் நிழல் எங்கே சாய்ந்திருக்கிறது என்று புரியாதவளும் அல்ல. பிறகு கொனாடு முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்து, அவள் பார்க்கும்படியாகவே குப்பைத்தொட்டியை அமுக்கினாள்.

"உன் நிழல் விழுது. தள்ளி நின்னு எடு."

"எங்க தள்ளுனாலும் சூரியன் எம் பின்னாலதான நிக்குது?" என்றாள் கொனாடு. நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "அத வேணா தள்ளி வைக்கச் சொல்லு உம் மகன."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்ரஃபிக்கு முகம் இறுகியது. "எல்லாரும் எந்திரிங்க! நாற்காலியத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போங்க. இவ நிழல் எந் தம்பி மேல படக்கூடாது."

மொத்தக் குடும்பமும் எழுந்தது. கைத்தடிக் கிழவர்கள் முனகிக்கொண்டு நடந்தார்கள், கிழவிகளை அக்குளில் பிடித்துத் தூக்கினார்கள், பெடியாகோவைச் சட்டத்தோடு சுமந்து போனார்கள். கொனாடு நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டாள். இப்போது சூரியன் அவர்களுக்குப் பின்னால். அத்தனை பேர் நிழலும் முற்றத்தைத் தாண்டி வந்து அவள் வெள்ளைச் சீலையில் ஏறியது.

அப்ரஃபி போனை மறுபடி கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கொனாடு தூக்கிப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்கள் முகம் என்ன ஆகும்? பானை அடி மாதிரி இருந்தது, ஒவ்வொன்றும். மூக்கு இல்லை, கண் இல்லை. யார் என்சியா, யார் அப்ரஃபி, ஒன்றும் தெரியவில்லை. பழைய கொனாடுவாக இருந்தால் எல்லாரையும் விரட்டி மறுபடி இடம் மாற்றியிருப்பாள்.

"ஏ மாமா, வாய மூடிக்கிட்டா பல்லுக்கு யாரு சாட்சி?" என்று குரல் கொடுத்தாள். "அம்பொன்சா, வயித்த உள்ள இழு. மாமா வேட்டி அவுந்துரப் போகுது. எம் புருஷா அப்ரஃபி, சிரி. இன்னும் நல்லாச் சிரி."

சிரித்தார்கள். வாய்விட்டே சிரித்தார்கள். அவள் உச்சி பார்த்து அமுக்கினாள்.

அப்ரஃபி வந்து வாங்கிப் பார்த்தாள். சாயங்கால வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அம்சமா இருக்கு" என்று அப்போதே ஆல்பத்துக்கு அனுப்பிவிட்டாள். கூட்டம் அதற்குள் கலைந்துவிட்டது, வெளியூர்க்காரர்கள் வண்டி ஏறப் போய்விட்டார்கள். அம்பொன்சா பிறகு கடையில் உட்கார்ந்து அதை வெளுக்கப் பார்த்தானாம். வெளுத்தால் எல்லார் முகமும் சாம்பலாகிறதாம்.

பெடியாகோவின் முகமும் அந்தப் படத்தில் இருட்டுத்தான். கொனாடுவுக்கு அது திரையிலேயே தெரிந்தது. தெரிந்துதான் அமுக்கினாள்.